ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்காம் பக்கம்

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு கண்ணில் பட்டது. என்னுடைய தவறு. பிப்ரவரியில் நாங்கள் ஒப்படைத்த நிரலின் அச்சுப்பிரதியில் 1,873-ஆம் பக்கம் இரண்டு முறை இருக்கிறது. 1,874-ஆம் பக்கம் இல்லவே இல்லை.

வசந்த விடுமுறைக்கு முன்னால் அலுவலகத்தைக் கழுவ வேண்டும் என்று அச்சு இயந்திரத்தை நகர்த்தினார்கள். சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு தாள் நின்றுகொண்டிருந்தது. எடுத்துப் படித்ததும் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. அன்று இயந்திரம் 1,873-இல் சிக்கியது. அந்தப் பக்கத்தை நான் மறுபடி அடித்தேன். சிக்கிய தாளும் கொஞ்ச நேரத்தில் நல்லபடியாகவே வெளியே வந்தது. இரண்டையும் அடுக்கில் வைத்துவிட்டேன். அடுத்த தாள் பின்பக்கம் நழுவியதை நான் பார்க்கவில்லை. அடுக்கிய பிறகுதான் பக்க எண்களை வரிசையாகக் கையால் குத்துகிறோம் என்பதால், இரண்டாவது பிரதிமேலேயே 1,874 என்று விழுந்து, எண்ணிக்கையில் இடைவெளி தெரியவில்லை.

எங்கள் நிறுவனம் அலெக்சாந்திரியாவின் பதினொரு டயாலிசிஸ் மையங்களுக்கு நேர ஒதுக்கீட்டு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறது. அரசு மருத்துவமனைக்கு மென்பொருள் கொடுப்பவர் அதன் மூல நிரலை மென்பொருள் ஒப்பந்தக் காப்பு இயக்ககத்தில் ஒப்படைக்க வேண்டும். நாளைக்கு நிறுவனம் மூடிப்போனாலும் நிரல் அரசின் கையில் இருக்கும். நியாயமான ஏற்பாடு. ஆனால் தாளில் ஒப்படைக்க வேண்டும். 4,116 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிய வருவாய் வில்லை, நிறுவன முத்திரை, ஒப்பந்த எழுத்தரான என் சுருக்கொப்பம், பிறகு இயக்ககத்தின் கழுகு முத்திரை. எனக்குப் பதினொரு நாள் ஆனது. இன்னும் பேனா பிடித்தால் விரல் தானாகவே நெர்மீன் என்பதன் 'நெ' போடுகிறது.

நான் போகும் மாலைநேரச் சட்ட வகுப்பில் டாக்டர் ரஜாயி எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். செய்தது, தவறியது, நாளைய வேலை. மூன்று மாதமாக வகுப்பில் 'ஒப்பந்தம்' என்ற சொல்லின் வரையறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

நாளைய வேலை: தாளை முதலாளியிடம் காட்டுவது.

ஏப்ரல் 16, புதன்

காட்டினேன். முதலாளி பாஷ்முஹந்திஸ் ஸர்வத் (எஞ்சினியர்களை இங்கே அப்படித்தான் அழைப்போம்) தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து வயிற்று மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"எங்கேர்ந்து எடுத்தியோ அங்கேயே வெச்சிடு. நாலாயிரம் பக்கத்தை எவன் படிக்கப் போறான்?"

பதினோரு மணிக்கு இயக்ககத்திலிருந்து கடிதம் வந்தது. படித்திருக்கிறார்கள். ஒப்புநோக்குக் குழு என்று ஒன்றாம். மூன்று பேர், ஏழு வாரம். அச்சுப்பிரதியையும் மின்வடிவையும் வரிக்கு வரி ஒப்பிட்டதில், மின்வடிவில் நாற்பத்தொரு வரிகள் "தாளின் அறிவுக்கு அப்பாற்பட்டு" இருப்பதாகக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் ஷரத்துப்படி தாளே மூலம், மின்வடிவு அதன் நகல். ஆகவே நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அந்த வரிகளை நீக்க வேண்டும். தவறினால் அரசு நிரலில் அனுமதியின்றிச் செருகல் செய்த குற்றத்துக்காக நிறுவனம் கருப்புப் பட்டியலில் ஏறும்.

முதலாளி இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டு நிரலாளர் கிரோலஸைக் கூப்பிட்டார். இந்த மென்பொருளை எழுதியவர் அவர்தான். வயது முப்பத்தைந்து. அவருக்கும் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. சனி, திங்கள், புதன் நான்கு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு ஸ்மூஹா மையத்துக்குப் போய், ஐந்து மணிக்கு, கடைசி முறையில், அதாவது கடைசி ஷிப்டில், இயந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு உட்காருவார். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து, நர்ஸுகள் நேரத்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்துத்தான் இதை எழுதினேன் என்பார்.

நான் தாளை நீட்டினேன். அவர் முதல் வரியிலேயே சிரித்துவிட்டார்.

"நெர்மீன், நாலாயிரத்துச் சொச்சம் பக்கத்துல உனக்குத் தொலைக்க வேற பக்கமே கிடைக்கலியா?"

"இது என்ன பக்கம்?"

"கடிகாரம்மா. கோடைக் கடிகாரம். வர்ற வெள்ளி இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளி நாடு முழுக்க ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க. நம்ம புரோகிராமுக்கு அதைச் சொல்றது இந்த நாப்பத்தொரு வரிதான்."

"எடுத்துட்டா?"

"சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஆளுங்க வருவாங்க. புரோகிராம் அஞ்சு மணின்னு நினைச்சுக்கும். சீட்டு தராது. சீட்டு இல்லாம ஸ்டோர்ல ஃபில்டர் தர மாட்டான், ஃபில்டர் இல்லாம மெஷின் ஓடாது. ஏழு மணிக்குத் திறக்கும். அப்படியே எல்லா முறையும் ஒரு மணி நேரம் தள்ளும். கடைசி முறை மையம் மூடுற நேரத்தைத் தாண்டிடும். தாண்டினவனுக்கு 'வரவில்லை'ன்னு புரோகிராம் போட்டுக்கும். ரெண்டு தடவை வரலைன்னா நாற்காலி, காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு. இதையும் நான்தான் எழுதினேன். ரொம்பப் பெருமையா எழுதினேன்."

கடைசி முறையில் பதினொரு மையத்திலும் சேர்த்து எத்தனை பேர் என்று கேட்டேன். தொண்ணூற்று நான்கு என்றார். "என்னைச் சேர்த்து."

முதலாளி கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, முதலில் நீக்கிவிடுவோம், பிறகு முறைப்படி பக்கத்தைச் சேர்க்க விண்ணப்பிப்போம், ஒன்பது நாள் இருக்கிறதே என்றார்.

"பேசாம திருட்டுத்தனமா உள்ளயே விட்டுட்டா?" என்று நான் கேட்டேன். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது.

கிரோலஸ் தலையை ஆட்டினார். "தினமும் காலைல மையம் திறக்கும்போது, ஓடுற நிரலும் அவங்க பூட்டி வெச்ச நிரலும் ஒண்ணான்னு அதுவே ஒத்துப் பாத்துக்கும். ஒரு எழுத்து மாறினாலும் பதினொரு மையமும் பூட்டிக்கும். நம்மமேல கேஸும் வரும்."

நான்கு மணிக்கு அவர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

நாளைய வேலை: நீக்கத்தை மேற்பார்க்க வரும் ஆய்வாளருக்கு நாற்காலி ஏற்பாடு செய்வது.

ஏப்ரல் 17, வியாழன்

ஆய்வாளர் உஸ்தாஸ் லம்ஈ பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்றரைக்கு வந்தார். சாந்தமான மனிதர். கணினித் திரையின் எதிரே அமராமல் பக்கவாட்டில் அமர்ந்தார். திரையைப் பார்ப்பது தன் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, நீக்குவதைப் பார்ப்பதுதான் தன் பணி என்றார்.

"எந்த விரலால நீக்குவீங்க, பாஷ்முஹந்திஸ்?"

"எந்த விரலுக்கு அனுமதி இருக்கு?" என்றார் கிரோலஸ்.

லம்ஈ கிண்டலைக் கவனிக்கவில்லை. 'வலது கை, ஆள்காட்டி விரல்' என்று எழுதிக்கொண்டார். நீக்கியவர் என்ற இடத்தில் கிரோலஸ், சாட்சி என்ற இடத்தில் நான். புதிய நிரல் பூட்டப்பட்டது. மையங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வாரத்தில் அன்று மட்டும்தான் புதிய நிரல் ஏறும். ஆகவே நாளை ஏறிவிடும்.

லம்ஈ போகும்போது, "நல்ல ஒத்துழைப்பு" என்று பாராட்டினார்.

நாளைய வேலை: ஒன்றுமில்லை, விடுமுறை. ஒப்பந்தத்தை முழுதாகப் படிப்பது. (இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.)

ஏப்ரல் 20, ஞாயிறு

கிரோலஸுக்கு இன்று ஈஸ்டர். நான் தனியாக மன்ஷிய்யாவில் இருக்கும் இயக்ககத்துக்குப் போனேன். நான்காம் மாடி, நான்காம் ஜன்னல். மதாம் இஃப்பத் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன கண்ணு இது?"

"விட்டுப்போன பக்கம், மதாம்."

"விட்டுப்போன பக்கம்னு ஒண்ணு இங்க கிடையாது. ஒப்படைச்ச பக்கம், ஒப்படைக்காத பக்கம், அவ்வளவுதான்."

"அப்ப இது ஒப்படைக்காத பக்கம். இதை ஒப்படைக்கணும்."

"ஒப்படைப்பு பிப்ரவரி இருபதோட முடிஞ்சுபோச்சே. இனிமே இது திருத்தம். திருத்தத்துக்கு இணைப்பு ஒப்பந்தம். இணைப்பு ஒப்பந்தத்துக்குக் குழு."

"குழு எப்ப கூடும்?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமை."

"இந்த வியாழன்?"

"சினாய் விடுதலை நாள் வெள்ளிக்கிழமை வருதுன்னு லீவை வியாழனுக்கு மாத்திட்டாங்க."

"அடுத்த வியாழன்?"

"மே ஒண்ணு. உழைப்பாளர் தினம். எங்களையும் உழைப்பாளிகள்ல சேத்திருக்காங்க." அவர் சிரித்தார். "மே எட்டாம் தேதி வா. சீக்கிரமே வா, கூட்டமா இருக்கும்."

தொண்ணூற்று நான்கு பேரைப் பற்றிச் சொன்னேன், எங்கள் அலுவலகத்து ஆளையும் சேர்த்து. வரிசையில் என் பின்னால் நின்றவர்கூட உச்சுக்கொட்டினார். மதாம் இஃப்பத் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "இந்த ஜன்னல் பக்கங்களுக்கானது, கண்ணு. ஆளுங்களுக்கான ஜன்னல் இந்தக் கட்டடத்துலயே இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் வரை அது காதில் இருந்தது.

நாளைய வேலை: விடுமுறை. இயக்குநர் ஹிஷ்மத்தை ('பே' என்று மரியாதையாகச் சொல்வார்கள்) செவ்வாயன்று சந்திக்க முதலாளி நேரம் வாங்கியிருக்கிறார். பேச வேண்டியதை எழுதி வைப்பது.

ஏப்ரல் 21, திங்கள்

ஷம் அந்நஸீம், வசந்தத் திருநாள். வீட்டில் எல்லோரும் உப்பிட்ட மீனும் வெங்காயமுமாகக் கடற்கரைக்குப் போனார்கள். நான் ஒப்பந்தத்தோடு இருந்தேன். ஆறு மணிக்குக் கிரோலஸ் நாற்காலியிலிருந்து தொலைபேசினார்.

"மீன் சாப்பிட்டியா?"

"இல்ல."

"சாப்பிடும்மா. எனக்குத்தான் உப்பு ஆகாது. நீயும் ஏன் பட்டினி கிடக்கிற?" பின்னால் இயந்திரம் மூன்று முறை கூவியது. "எங்க கடைசி முறையில எட்டு பேர் இருக்கோம். பக்கத்து நாற்காலிக்காரர் டிராம் ஓட்டுனவர். இப்ப எங்கிட்ட, தம்பி, சனிக்கிழமை வழக்கம்போலத்தானேன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"வழக்கம்போலத்தான்னு சொன்னேன்."

புதனுக்குப் பிறகு சனி. சனி போனால் திங்கள். புதனிலிருந்து திங்கள் வரை ஐந்து நாள். ஐந்து நாளில் என்ன ஆகும் என்று கேட்டேன். மீனைச் சாப்பிடும்மா என்று வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் தெரிந்ததைத்தான் கேட்டிருக்கிறேன். தவறு.

திங்களும் இதேதான் நடக்கும். அதோடு இரண்டு தடவை 'வரவில்லை'. நாற்காலியும் போகும்.

நாளைய வேலை: ஹிஷ்மத் பே. காலை பத்து மணி.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஹிஷ்மத் பேயின் அறையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று ஓடவில்லை. அவர் எழுந்து முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். காபி வந்தது. முதலாளி விஷயத்தைச் சொல்லிமுடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பேசினார். நினைவில் இருந்தபடி எழுதுகிறேன்.

"பாஷ்முஹந்திஸ், உங்க வருத்தம் புரியுது. நானும் மனுஷன்தான். எங்கப்பாவும் சர்க்கரை வியாதிக்காரர். ஆனா நீங்க ஒண்ணை யோசிக்கணும். கம்பெனிங்க வரும், போகும். நோயாளிங்களும், மன்னிக்கணும், வருவாங்க போவாங்க. தாள் இருக்கும். இந்த இயக்ககம் எட்டு வருஷமா ஒரே ஒரு பக்கத்தைக்கூடத் தொலைச்சதில்ல. எப்படி? ஒரு பக்கத்தையும் யார் கையிலயும் கொடுக்கறதில்ல. இதை நான் மாநாட்டுல சொன்னப்ப எழுந்து நின்னு கைதட்டினாங்க."

"பே, ஒரு மணி நேரம் தப்பாப் போயிடும்," என்றார் முதலாளி.

"தப்புன்னு யார் சொன்னது? ஒப்பந்தம் கையெழுத்தானது ஜனவரில. அப்ப குளிர்கால நேரம். ஒப்பந்தத்தோட நேரம் அதுதான். வெளியில நேரம் மாறினா அதுக்கு ஒப்பந்தம் பொறுப்பில்ல."

"ஆனா கோடை வருதே."

ஹிஷ்மத் பே யோசித்தார். அவர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா எதிர்பாராத இயற்கை நிகழ்வுன்னு மனுப் போடுங்க. வெள்ளம், பூகம்பம், போர்னு பட்டியல் இருக்கு. 'இதர'ங்கற கட்டத்துல கோடைன்னு எழுதுங்க. கோடை வந்ததுக்கு அத்தாட்சி வேணும். வந்தப்புறம்தான் அத்தாட்சி கொடுப்பாங்க."

முதலாளி மாத்திரைக்குப் பையைத் தடவினார். எனக்கு அந்த அறையை விட்டே எழுந்துபோய்விட வேண்டும் போலிருந்தது. எழுதி வந்ததை நான் மறந்துபோனேன். வேறு ஒன்றைக் கேட்டேன்.

"பே, தாள்ல தப்பு இருந்தா?"

"தாள்ல தப்பு இருக்காது, பொண்ணே. தாள்ல இருக்கறதுதான் நிஜம். மெஷின்ல இருக்கறது அதோட நிழல். நிழல் ஆளை மாதிரியே இருக்கணும். ஒரு வரி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தாள்ல ஒரு ஈ செத்துக்கிடந்தா மெஷின்லயும் ஈ கிடக்கணும். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

மாலை வகுப்பில் டாக்டர் ரஜாயியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மூலத்தில் ஒரே பக்கம் இரண்டு முறை இருந்தால் நகலிலும் இரண்டு முறை இருக்க வேண்டுமா? அது இரண்டாம் ஆண்டுப் பாடம் என்றார்.

டிராமில் நின்றுகொண்டே முப்பத்தொன்றாம் ஷரத்தை மறுபடி படித்தேன். மென்பொருள் ஓரளவு மட்டும் பழுதானால் அது சொல்வதே செல்லும். முழுமையாக நின்றுபோனால், நிறுவனம் தொலைபேசியில் தெரிவித்த உடனே, தலைமை நர்ஸ் பதிவேட்டைத் திறந்து கையால் எழுதலாம். அவர் எழுதியதே சீட்டு.

இறங்க வேண்டிய சீதி காபர் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். இறங்கித் திரும்பி நடந்து அலுவலகத்துக்கு வந்தேன். முதலாளியும் கிரோலஸும் இன்னும் இருந்தார்கள். ஷரத்தைக் காட்டிக் கேட்டேன்: 1,873-ஆம் பக்கம் நிரலில் இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்?

கிரோலஸ் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "எழவே எழாது. ஒரே பேரை ரெண்டு தடவை வெச்சா மெஷின் முதல் வரியிலயே படுத்துக்கும்."

"முழுமையாவா?"

"ரொம்ப முழுமையா."

முதலாளிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "நம்ம சாஃப்ட்வேரை நாமளே கொல்லணுமா? ரெண்டு வருஷ உழைப்பு! ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும் பாஷ்முஹந்திஸ்," என்றார் கிரோலஸ். "கேக்கறதுக்கு நான் இருக்கணுமில்ல?"

முதலாளி ஒப்பந்தத்தை என் கையிலிருந்து வாங்கி அந்த ஷரத்தைத் தானே படித்தார்.

ஆனால் இயக்ககம் உத்தரவிட்டால்தான் தொட முடியும். அதற்கு என் தவறை நானே எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு முறை கண்மூடி ஒப்பமிட்டவர் யார் என்றால் நான். என்ன தண்டனை என்று ஒப்பந்தத்தில் தேடினேன். கிடைத்தது. எழுத விரும்பவில்லை.

நாளைய வேலை: எட்டரை மணிக்கு நான்காம் ஜன்னல். கோடைக்கு முன் கடைசி வேலைநாள்.

ஏப்ரல் 23, புதன்

எட்டு இருபதுக்கே போய் நின்றேன். ஜன்னல் பத்தேகாலுக்குத் திறந்தது. மதாம் இஃப்பத் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"கண்ணு, நீயே உன்னைப் பத்திப் புகார் கொடுக்கிறியா?"

"தாள்ல 1,873 ரெண்டு தடவை இருக்கு, மதாம். மெஷின்ல ஒரு தடவைதான். நிழல் குறையுது. பே சொன்னார், குறையக் கூடாதுன்னு."

அவர் எழுந்து உள்ளே போனார். அடுக்கைக் கொண்டுவரச் செய்து, பக்கங்களை எடுத்து அருகருகே வைத்து, விரலால் வரிவரியாகத் தடவினார். பக்கத்து மேசைக்காரர் வந்து பார்த்தார். பிறகு இன்னொருவர். ஒப்புநோக்குக் குழுவின் மூவரும் வந்து நின்றார்கள். ஏழு வாரம் படித்தவர்கள். ஒருவர் முகத்தில் வியர்வை.

பன்னிரண்டரைக்கு ஹிஷ்மத் பே என்னை அழைத்தார்.

"யார் இதை முதல்ல கண்டுபிடிச்சது?"

நான் வாய் திறந்தேன். குழுவில் வியர்த்தவர் என்னைப் பார்த்தார். "குழுதான் பே," என்றேன். அது பொய். குறித்து வைக்கிறேன்.

பேயின் தோள் தளர்ந்தது. "அப்படியா. சரியாத்தான் இருக்கும்." உத்தரவு எழுதச் சொன்னார். 1,873-ஆம் பக்கத்தின் உள்ளடக்கத்தை, தாளில் உள்ளபடி, உடனடியாக இருமுறை இடம்பெறச் செய்க. கூடவே இன்னொரு வரி: நெர்மீனின் ஒப்பமிடும் அதிகாரம் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. அவர் கையெழுத்துப் போட்டபோது ஒரு மணி இருபது.

கழுகு முத்திரை வைத்திருப்பவர் மாவு வாங்கப் போயிருந்தார். ஒன்று முப்பத்தைந்து. ஒன்று நாற்பது. இரண்டு மணிக்குக் கட்டடம் மூடும். பிறகு ஞாயிறுதான். நான் நான்காம் ஜன்னலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று ஐம்பதுக்கு மதாம் இஃப்பத் தலையை உயர்த்தாமல் கேட்டார். "உன் ஆள் எத்தனாவது முறை?"

"கடைசி."

அவர் வேறு மேசைக்குப் போனார். ஓர் இழுப்பறையைத் தட்டினார், தூக்கினார், ஒரு பக்கமாக இழுத்தார். அது திறந்துகொண்டது. முத்திரையை எடுத்து ஊதி, உத்தரவின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார்.

"நான் எதையும் கேக்கல. நீ எதையும் சொல்லல. ஓடு."

உஸ்தாஸ் லம்ஈ வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஈரல் ரொட்டி. சேர்ப்பதற்கு எந்த விரல் என்று கேட்டார். அதே விரல்தான் என்றார் கிரோலஸ். சேர்த்தார். பூட்டினார்கள். நான்கு மணிக்குக் கிரோலஸ் பையை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனார். கதவருகே நின்று, "சனிக்கிழமை வழக்கம்போலத்தானே?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நாளைய வேலை: பதினொரு மையங்களின் தொலைபேசி எண்களைச் சரிபார்ப்பது.

ஏப்ரல் 26, சனி

நேற்று கடிகாரம் மாறியது. நேற்றே புதிய நிரலும் ஏறியது. இன்று காலை ஆறு மணிக்குப் பதினொரு மையங்களிலும் திரை கறுப்பாக இருந்தது. நான் ஐந்தரையிலிருந்து அலுவலகத்தில் இருந்தேன். ஒவ்வொரு மையமாக அழைத்து முப்பத்தொன்றாம் ஷரத்தைப் படித்தேன். மூன்றாவது மையத்துக்குப் பிறகு தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பத்து மையங்களில் பதிவேட்டைத் திறந்துவிட்டார்கள். ஒரு இடத்தில் அதை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்களாம். பதினொன்றாவது ஸ்மூஹா. தலைமை நர்ஸ் ஸமாஹ் எடுத்தார்.

"பதிவேடு எங்க மையத்து டைரக்டர் அலமாரில பூட்டியிருக்கு. அரசு சொத்தாம். சாவி அவர்கிட்ட, அவர் மத்ரூஹ்ல, கடல்ல இருக்கார். முதல் முறை ஆளுங்க இங்க வந்து நிக்கறாங்க. நான் என்ன செய்ய?"

ஷரத்தை மறுபடி பார்த்தேன். பதிவேட்டில் எழுதியதுதான் சீட்டு. வேறு தாளில் எழுதினால் ஸ்டோரில் வாங்க மாட்டார்கள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? பூட்டைப் பத்தி அதுல ஏதாவது போட்டிருக்கா?"

எல்லா வரியையும் பார்த்தேன். "இல்ல."

"அப்ப சரி," என்றார். இரும்பின் மேல் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. நான்கு முறை. பிறகு மூச்சு வாங்கியபடி, "எட்டு வருஷம் நோட்டுலதான் எழுதினேன். உங்க புரோகிராம் வந்ததும்தான் கையெழுத்தே மறந்துபோச்சு. சொல்லுங்க, இப்ப மணி என்ன போடணும்?"

சுவரில் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"ஆறு பத்து."

"அதையே போடுங்க."

மாலை ஐந்து பத்துக்குக் கிரோலஸ் தொலைபேசினார். இயந்திரம் கூவுவது கேட்டது. டிராம் ஓட்டுநர் பக்கத்தில் தூங்குகிறாராம். எட்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்களாம். "நெர்மீன், என் பேரை நர்ஸம்மா தப்பா எழுதியிருக்காங்க. புரோகிராம்ல இந்த மாதிரி நடக்காது" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான்.

ஆறு மணிக்கு முதலாளி தன் கைபேசியைக் காட்டினார். ஹிஷ்மத் பேயின் கடிதம். மாவட்டத்திலேயே முதன்முறையாக ஒரு நிறுவனத்தின் மின்வடிவு தாளோடு நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. இதைப் பாராட்டி நாளை பத்து மணிக்கு இயக்ககத்தில் விழா. இந்த முழுமை குலையாதபடி நிரலில் இனி எந்தத் திருத்தமும் அனுமதிக்கப்படாது. முதலாளி கோட்டு அணிந்து வர வேண்டும். ஒப்புநோக்குக் குழுவின் மூவருக்கும் பதக்கம்.

"அப்ப இனிமே எழவே எழாதா?" என்றார் முதலாளி. மாத்திரைக்குக் கை போகவில்லை.

நாளைய வேலை: விழாவுக்கு முன், எட்டரைக்கு, ரம்ல் நிலையத்துக் காகிதக் கடையில் கோடு போட்ட பெரிய நோட்டு இருபத்திரண்டு வாங்குவது, மையத்துக்கு இரண்டாக. நீலப் பேனா பதினொன்று. ஒவ்வொரு நோட்டிலும் பக்கங்களை இரண்டு முறை எண்ணிப் பார்ப்பது. ஒப்பம் வேறு யாராவது போட வேண்டும். ஸ்மூஹாவுக்கு ஒரு பூட்டு.